முதல் வண்டிக்காரர் ஹீட்டர் தேர்ந்தெடுத்த விதம்

குடியிருப்பு ஆணையத்தைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். அந்த நாலு பேரும் நன்றி கெட்டவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணையம் கட்டிய வீட்டில் இருந்துகொண்டு, ஆணையம் போட்ட குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஆணையம் மாட்டிய விளக்குக்கு அடியில் உட்கார்ந்து ஆணையத்தையே திட்டுவது என்ன நாகரிகம்?

முன்பெல்லாம் ஒரு வீட்டில் ஹீட்டர் கெட்டுப்போனால் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஓர் ஆள் வருவார். கிடங்கில் என்ன இருக்கிறதோ அதைக் கொண்டுவந்து மாட்டுவார். டீ கொடுத்தால் குடித்துவிட்டுப் போவார். மறுநாள் காலை வெந்நீர் வரும். இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அப்போது மக்களுக்கே தெரியவில்லை. உங்களுக்கு எப்படிப்பட்ட ஹீட்டர் வேண்டும், ஏன் வேண்டும், வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறீர்களா என்று அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா? புதிய தலைவர் பொறுப்பேற்ற கையோடு இந்தக் கொடுமையை ஒழித்தார். 'உங்கள் வெந்நீர், உங்கள் விருப்பம்' திட்டம் அப்படிப் பிறந்ததுதான். அதற்கென்று தனிக் கட்டடம், தனி இயக்குநர், தனி வாகன நிறுத்தம். ஹீட்டர் மாட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் விருப்ப அலுவலர்களாகப் பதவி உயர்வு பெற்றார்கள்.

இந்தத் திட்டத்தின் முழுப் பலனையும் அனுபவித்த பாக்கியசாலி மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பஸ் டிரைவர். விடியும் முன்பே டிப்போவிலிருந்து கிளம்பும் முதல் பஸ்ஸைப் பல வருஷமாக அவர்தான் ஓட்டுகிறார். அதனால் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'முதல் வண்டி'. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். ஹோட்டலில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் பக்கத்து மேஜையைக் காட்டி, "அதையே குடுத்துடுங்க" என்பார். அப்படிப்பட்டவரைத்தான் விதி விருப்பத் திட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அவர் மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தாள். பள்ளிச் சீருடை, தலையணை உறை, கிழிந்த சட்டைக்குக் காலர் மாற்றுவது என்று கட்டடத்துக்கே அவள் கைதான். ஆனால் கொஞ்ச காலமாக அவளுக்கு மூட்டுவாதம். காலையில் கண் விழித்தால் பத்து விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கும். குளியலறையில் பழைய ஹீட்டரின் அடியிலேயே குழாயும், அதில் நீளமாக ஒரு கைப்பிடியும் இருந்தன. அதை முழங்கையால் தட்டித் திறந்து வெந்நீரில் கையைக் காட்டிக்கொண்டு நிற்பாள். விரல்கள் ஒவ்வொன்றாக விரியும். அப்புறம்தான் தலை வாருவது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம். மருத்துவர் அவளிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: "காலையில வெந்நீர் தவறவே கூடாதும்மா. விரல் மடங்கினபடியே இருந்து பழகிடுச்சுன்னா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த ஹீட்டர்தான் ஒரு நாள் அடிப்பகுதி துருப்பிடித்துக் கழன்று விழுந்தது. வெளியில் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஆணையத்தின் சுவரில் ஆணையத்தைக் கேட்காமல் ஓர் ஆணி அடித்தாலே வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். போன வருஷம் நாட்காட்டி மாட்டியவர் ஒருவர் இப்போது ஊர்க் கோடியில் இருக்கிறார். ஆகவே முதல் வண்டி வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் விருப்பக் கட்டடத்துக்குப் போய் வரிசையில் நின்றார்.

கவுண்டரில் இருந்த அம்மாள் மரியாதையாகத்தான் கேட்டார். "சொல்லுங்க சார். என்ன மாதிரி ஹீட்டர் வேணும்?"

"எதுவா இருந்தாலும் சரிங்க. சூடா தண்ணி வந்தா போதும்."

கவுண்டர் அம்மாள் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். "எதுவா இருந்தாலும்னா?"

"உங்ககிட்ட என்ன இருக்கோ அதைக் குடுங்க."

"எங்ககிட்ட என்ன இருக்குங்கறது எங்க பிரச்சினை. நான் உங்ககிட்ட என்ன இருக்குன்னு கேக்கறேன். விருப்பம் இருக்கா, இல்லையா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. உங்களுக்கு எது தோதோ..."

அம்மாள் மூன்று எழுத்தைத் தட்டினார். விருப்பம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று விழுந்தது. தட்டிய பிறகு, ஒரு நோயாளியைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார். அப்போதுதான் தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

"என் சம்சாரத்துக்கு வேணா விருப்பம் இருக்குங்க. அவங்களுக்குக் கை மடங்காது, இல்ல, மடங்கிடும், விரியாது. முழங்கையால திறக்கற மாதிரி நீட்டுக் கைப்பிடி வெச்சது வேணும்னாங்க."

"வீடு யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்."

"அப்ப விருப்பமும் உங்க பேர்லதான் இருக்கணும். அடுத்தவங்க விருப்பத்தைத் தூக்கிட்டு வந்தா அது இரவல் விருப்பம். அதுக்கு நாங்க ஹீட்டர் குடுக்க ஆரம்பிச்சா நாளைக்கு ஊர்ல யாருமே சொந்தமா ஆசைப்பட மாட்டாங்க." அவர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "விருப்ப வளர்ச்சி வகுப்புக்குப் போங்க. பயப்படாதீங்க, உங்களைவிட மோசமானவங்க எல்லாம் தேறியிருக்காங்க."

வகுப்பு அதே கட்டடத்தின் அடித்தளத்தில் நடந்தது. பயிற்றுநர் ஒரு காலத்தில் ஹீட்டர் மாட்டியவர். அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது குடியை விட்டவர் குடியைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார். "நானும் பண்ணியிருக்கேன். ஒரே நாள்ல நாலு வீட்டுல மாட்டியிருக்கேன். அவங்க மனசுல என்ன இருக்குன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

முதல் வண்டிக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பச்சைத் தண்ணீரில் குளித்துக் குளித்து அவருக்கு மூக்கு எப்போதும் ஒழுகிக்கொண்டிருந்தது. "நான் ரெண்டு தடவை தேறிட்டேன்" என்றார் ரகசியமாக. "தேறினப்புறம் கூப்பிட்டு, உங்க விருப்பம் இப்பவும் அதேதானான்னு கேட்டாங்க. அதேதான்னேன். மாறாத விருப்பத்துல வளர்ச்சி இல்லைன்னு திரும்ப இங்கயே போட்டுட்டாங்க."

"அப்ப மாறிடுச்சுன்னு சொல்லியிருக்கலாமே?"

"அப்படிச் சொன்னது இன்னொரு தடவை. நிலையில்லாத மனசுன்னுட்டாங்க."

பயிற்சி இரண்டு டம்ளர் டீயில் ஆரம்பித்தது. முதல் வண்டி இரண்டையும் குடித்துப் பார்த்து, உள்ளதைச் சொன்னார். "ரெண்டும் ஒண்ணாதாங்க இருக்கு."

"ஒரே பாத்திரத்திலேர்ந்து ஊத்தினதுதான். அது வேற விஷயம்" என்றார் பயிற்றுநர். "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"ரெண்டும் பரவாயில்லை."

பயிற்றுநர் வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பு பெருமூச்சு விட்டது. "பரவாயில்லைங்கற வார்த்தையை இந்த அறையில சொல்லக் கூடாது. இந்த நாட்டைக் கெடுத்ததே அந்த ஒரு வார்த்தைதான்." முதல் வண்டி அன்றைக்கு முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு 'எனக்கு வேணும்' என்று சொல்லிப் பழக வேண்டியிருந்தது. எது வேண்டும் என்று சொல்லக் கூடாது. அது அடுத்த பாடம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "நீங்க கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவே அப்படித்தானே. பிடிச்சிருக்கான்னு எங்கப்பா கேட்டதுக்கு, உங்களுக்குப் பிடிச்சிருந்தா சரின்னீங்க" என்றாள். பிறகு மடங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்காகக் கொஞ்சம் நல்லா ஆசைப்படுங்களேன்" என்றாள்.

வேறு வழியும் அவர் பார்க்காமல் இல்லை. வண்டிக்குக் கிளம்புவதற்கு முன் அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் சுட வைத்து, குளியலறையில் இறக்கி, மேலே பழைய கம்பளியைப் போர்த்திவிட்டுப் போவார். அவள் எழுந்திருக்கும்போது அது வெதுவெதுப்பாக இருக்கும். விரல்கள் பாதி விரியும். பாதி விரலோடு அவள் பாதி வேலை செய்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தேவை மதிப்பீட்டு அலுவலர் காலையில் வந்து கதவைத் தட்டினார். உள்ளே வந்தவர் நேராகக் குளியலறைக்குப் போய்க் கம்பளியை விலக்கினார். பாத்திரத்தில் ஒரு வெப்பமானியை விட்டார். "வெந்நீர் இருக்கே" என்றார் வருத்தத்தோடு.

"ஆறிப்போச்சுங்க அது" என்றாள் மனைவி.

"ஆறிப்போச்சுன்னா அதுக்கு முன்னாடி சூடா இருந்திருக்கு."

"அடுப்புல வெச்சதுங்க. அவர் போகும்போது வெச்சுட்டுப் போனது. என்னால பாத்திரத்தைத் தூக்க முடியாது."

"யார் வெச்சாங்கங்கறது எங்களுக்குத் தேவையில்லைம்மா. வெந்நீர் இருக்கற வீட்டுக்கு வெந்நீர் தேவைன்னு நான் எப்படி எழுதறது? எனக்கும் மனசாட்சி இருக்கு." போகும்போது நல்ல மனதோடு ஓர் ஆலோசனையும் சொன்னார். "தேவையைக் கலைச்சுடாதீங்க. கொஞ்ச நாளைக்குத் தேவையைத் தேவையாவே வெச்சிருங்க. எப்ப வேணா வந்து பாப்போம்."

அடுப்பை நிறுத்தினார்கள். எதிர் வீட்டு நர்ஸ் அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. இரவு வேலை முடிந்து வந்ததும் ஒரு வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, தானே இவள் கையைப் பிடித்து முக்கி எடுத்தாள். ஒரு வாரம்கூட நடந்திருக்காது. அனுமதியின்றி வெந்நீர் விநியோகம் செய்ததாக அவள் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். அவளுடைய ஹீட்டரையும் விசாரணை முடியும் வரை சீல் வைத்துவிட்டார்கள். அவள் இவர்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த நாள் முதல் படிக்கட்டில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வந்த காலைகளைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. அவள் எழுந்து கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். வெயில் ஏறிய பிறகு சன்னலில் நீட்டிப் பார்ப்பாள். முதலில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போயிற்று. அடுத்து கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போயிற்று. வாங்கி வைத்த சீருடைத் துணியை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு நாள் முதல் வண்டி வந்து பார்த்தபோது மெஷின் மேல் போர்வை போர்த்தியிருந்தது. அன்று இரவு அவர் அவளுக்குச் சோறு ஊட்டினார். அவளும் வாயைத் திறந்தாள். மகளுக்குப் போன் செய்தபோது மட்டும், அம்மா தூங்கிவிட்டாள் என்று பொய் சொன்னார். மகள் கல்யாணமாகி வெகுதூரத்தில் இருந்தாள். போனைப் பிடிக்க அம்மாவுக்கு விரல் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

மனிதன் பயத்தில் எதையும் கற்றுக்கொள்வான். அடுத்த வகுப்பில் டீ டம்ளர்களை வைத்தபோது முதல் வண்டி இடது பக்க டம்ளரைத் தூக்கி, "இதுதான். இதுல ஒரு கண்ணியம் இருக்கு. வலது பக்கத்து டீ என்னை ஏமாத்தப் பாக்குது" என்றார். பயிற்றுநர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். தபால்காரர் தும்மிக்கொண்டே கை தட்டினார்.

தேறியவர்களைத் தேர்வுக் கூடத்துக்கு அனுப்புவார்கள். பளபளவென்று கல் பதித்த பெரிய கூடம். மெல்லிய இசை. வெல்வெட் விரித்த மேடைகளில் விதவிதமாக ஹீட்டர்கள். உருண்டை, சதுரம், பூப்போட்டது, முகம் பார்க்கும் கண்ணாடி பதித்தது. கடைசி மேடையில் நீட்டுக் கைப்பிடி வைத்த ஒன்று இருந்தது. முதல் வண்டி ஓட்டமும் நடையுமாக அதனிடம் போனார். முழங்கையால் தட்டிப் பார்த்தார். கைப்பிடி கழன்று கீழே விழுந்தது. தொட்டியில் விரலால் தட்டினார். அட்டைப்பெட்டிச் சத்தம் கேட்டது.

"உள்ள ஒண்ணும் இல்லையே?" என்றார் கலவரத்துடன்.

கூடத்தின் அலுவலர் கைப்பிடியை எடுத்துப் பசை தடவி ஒட்டினார். ஒட்டிக்கொண்டே விளக்கினார். "உள்ள ஏதாவது இருந்தா அது வெறும் பொருள் சார். மொதல்ல நாங்களும் நெஜ ஹீட்டர்தான் வெச்சோம். ஜனங்க வந்து தண்ணி சுடுதான்னு பாக்கறாங்க. எவ்வளவு நேரத்துல சுடும்னு கேக்கறாங்க. யாருமே தேர்ந்தெடுக்கறதுல கவனம் செலுத்தலை. அதனால எடுத்துட்டோம். இப்ப பாருங்க, எவ்வளவு அமைதியா தேர்ந்தெடுக்கறாங்க."

"எனக்கு இது வேணும்" என்றார் முதல் வண்டி. சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகியது வீண் போகவில்லை.

"அருமை. இதை நேர்காணல்ல சொல்லுங்க."

நேர்காணல் குழுவில் ஆணையத் தலைவரே உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் திட்ட இயக்குநர், இன்னொரு பக்கம் மனநல ஆலோசகர். மூவருக்கு முன்னாலும் ஆவி பறக்கும் காப்பி இருந்தது. அந்த ஆவியையே பார்த்துக்கொண்டு நின்றார் முதல் வண்டி.

"நீட்டுக் கைப்பிடி ஏன் பிடிக்கும்?" என்றார் ஆலோசகர்.

மனைவியின் கையைப் பற்றிச் சொன்னால் இரவலாகிவிடும். "சின்ன வயசுலேர்ந்தே பிடிக்கும்" என்றார்.

"எவ்வளவு பிடிக்கும்?"

"ரொம்ப."

"ரொம்பன்னா? இது கிடைக்கலைன்னா உங்களுக்கு என்ன ஆகும்?"

அவர் பதில் தயாராகத்தான் வைத்திருந்தார். ஆனால் அந்தக் கேள்வி எங்கோ போய்த் தைத்துவிட்டது. வாயைத் திறந்தவருக்கு வார்த்தைக்குப் பதிலாக அழுகை வந்தது. நடுக் கூடத்தில் அப்படியே முட்டி போட்டுவிட்டார். "எனக்கு வேணுங்க ஐயா. எனக்கு வேணும். இது இல்லேன்னா நான் செத்துடுவேன். வண்டி ஓட்டும்போதுகூட இதே நெனப்புதான். சிக்னல்ல நிக்க மறந்துடறேன். பின்னாடி அத்தனை பேர் உக்காந்திருக்காங்க. எப்படியாவது குடுத்துடுங்க. நாளைக்கே குடுத்துடுங்க. உங்க கால்ல விழறேன்."

ஆலோசகர் மூக்கை உறிஞ்சினார். "இந்த மாதிரி ஒரு விருப்பத்தை என் அனுபவத்துல பார்த்ததில்லை" என்றார். இயக்குநர் ஆமோதித்துத் தலையை ஆட்டினார்.

தலைவர் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் சொற்பொழிவு என்று அர்த்தம். "வெந்நீரை யார் வேணாலும் குடுக்கலாம். அடுப்பு குடுக்கும். வெயில்ல வெச்சா வெயில் குடுக்கும். ஆனா வெந்நீர் வேணுங்கற எண்ணத்தை யார் குடுப்பா? நாமதான் குடுக்கறோம். நான் வந்தப்ப இந்த ஊர்ல எல்லார் வீட்டுலயும் வெந்நீர் வந்துட்டு இருந்தது. ஒருத்தர்கூட அதைப் பத்தி நெனச்சுப் பாக்கலை. இன்னிக்கு? காலையில எழுந்ததும் ஆயிரக்கணக்கான குடும்பம் வெந்நீரைத்தான் நெனக்குது. மாட்டின ஹீட்டர் எண்ணிக்கை குறைஞ்சிருக்குன்னு சில பேர் குத்தம் சொல்றாங்க. விருப்பம் எவ்வளவு கூடியிருக்குன்னு அவங்க பாக்கறதில்லை. குடுத்துட்டா விருப்பம் தீர்ந்துடும். அந்தக் கஷ்டமான வேலையை நாம ரொம்ப யோசிச்சுத்தான் பண்ணணும்." முட்டி போட்டிருந்தவரைத் தொட்டு எழுப்பினார். "ஆனா உங்களுக்குக் குடுக்கறோம். இந்த வருஷத்தின் சிறந்த விருப்பம் உங்களுதுதான்."

முதல் வண்டி அன்றைக்குப் படிகளைத் தாவித் தாவி ஏறி வீட்டுக்கு வந்தார். "கிடைச்சுடுச்சு" என்றார். அவள் இரண்டு முஷ்டிகளாலும் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஹீட்டர் வந்தது. பதவி உயர்வு பெறாத அந்த ஒரே பராமரிப்பு ஆள்தான் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியைப் பிரித்ததும் முதல் வண்டி கையைக் காட்டித் தடுத்தார். சிறிய வெள்ளைத் தொட்டி. அடியில் ஒரு குழாய். குழாயில் வழவழவென்று ஓர் உருண்டைத் திருகு.

"நான் கேட்டது இது இல்லையே."

"கிடங்குல எப்பவும் இது ஒண்ணுதாங்க இருக்கு. எல்லாருக்கும் இதான்" என்றார் மாட்ட வந்தவர், தன் வேலையைப் பார்த்துக்கொண்டே.

முதல் வண்டி இயக்குநருக்குப் போன் செய்தார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "தேர்ந்தெடுக்கறது உங்க உரிமை சார். அதுல நாங்க தலையிட மாட்டோம். எதைக் குடுக்கறதுங்கறது எங்க வசதி. அதுல நீங்க தலையிடக் கூடாது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. அந்தத் திருகை மாத்தறேன் கீத்தறேன்னு கை வெச்சுடாதீங்க, அது ஆணையத்தோட சொத்து. நாங்க நாளைக்கு வரோம். திறப்பு விழா இருக்கு."

மறுநாள் அந்தச் சின்னக் குளியலறை வாசலில் கூட்டம். தலைவர், இயக்குநர், ஆலோசகர், பயிற்றுநர், ஒரு புகைப்படக்காரர். ஹீட்டருக்கு நாடா கட்டினார்கள். தலைவர் நாடாவை வெட்டினார். "இப்ப அம்மா கையால திறக்கட்டும்" என்றார்.

"நான் திறக்கறேனே" என்றார் முதல் வண்டி.

"நீங்க விருப்பப்பட்டவர். உங்க பங்கு முடிஞ்சுது. பயன்படுத்தப் போறது அவங்கதானே? படத்துல அவங்க இருந்தாத்தான் நல்லா இருக்கும்."

"அவங்களால முடியாதுங்க."

"நாங்க அவசரப்படுத்த மாட்டோம்" என்றார் தலைவர் கனிவாக. "எவ்வளவு நேரம் வேணாலும் எடுத்துக்கட்டும். நாங்க எதையும் யார் மேலயும் திணிக்கறதில்லை."

அவள் இரண்டு முஷ்டிகளுக்கும் நடுவில் திருகை வைத்து அழுத்தினாள். வழுக்கியது. மணிக்கட்டால் உருட்டிப் பார்த்தாள். முழங்கையை வைத்து முட்டுக் கொடுத்தாள். முழங்கை சுவரில் போய் இடித்தது. எல்லோரும் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். பயிற்றுநர், "உள்ளேர்ந்து வரட்டும்மா, உள்ளேர்ந்து வரட்டும்" என்று தைரியம் சொன்னார். அவள் ஒரு முறை திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, திருகைப் பல்லால் கவ்வி, கழுத்தைத் திருப்பினாள்.

தண்ணீர் வந்தது. ஆவி எழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"அம்மா, முகம் தெரியலை" என்றார் புகைப்படக்காரர். "மூடிட்டு இன்னொரு தடவை அதே மாதிரி பண்ணுங்க."

"வெளிய போங்க" என்றார் முதல் வண்டி.

அவர் கத்தவில்லை. பஸ் படியில் தொங்குபவர்களிடம் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் அவர் கை புகைப்படக்காரரின் சட்டைக் காலரில் இருந்தது. "எல்லாரும் வெளிய போங்க. இப்பவே போங்க." தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "களைச்சுப் போயிருக்கார்" என்று இயக்குநரிடம் சொல்லிக்கொண்டே படி இறங்கினார். பயிற்றுநர் நாடாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

முதல் வண்டி கதவைச் சாத்திவிட்டு வந்து மனைவியின் இரண்டு கைகளையும் தன் கைகளில் வாங்கித் தண்ணீருக்கு அடியில் பிடித்தார். நல்ல சூடு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அவளுடைய சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்து, மெல்ல நீவி நீவி விரிக்கப் பார்த்தார். கட்டை விரல்கள் கொஞ்சம் அசைந்தன. மற்றவை எதுவும் விரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று தெரியாது. அவர் அழுதுகொண்டிருந்தார். அதை அவளிடமிருந்து மறைக்கவும் இல்லை.

"வலிக்குதா?" என்றார்.

"ஒண்ணும் தெரியலைங்க." அவள் கையை இழுத்துக்கொண்டாள். உதட்டோரம் கொஞ்சம் ரத்தம் இருந்தது. "போதும், மூடுங்க. தண்ணி வீணாப் போகுது."

அவர் திருகில் கை வைத்தார். இறுக்கமான திருகு. ஒரு சுற்றுச் சுற்றியவர் நிறுத்திவிட்டு, மறுபடி பழைய இடத்துக்கே திருப்பினார்.

"மூடிட்டா, நாளைக்கு நான் வண்டிக்குப் போனப்புறம் யார் திறப்பா?"

இருவரும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொட்டி சின்னத் தொட்டி. தண்ணீர் ஆறத் தொடங்கியது.